சிற்றறையில் ஐந்து ஒலிபெருக்கிகள்

குன்னூரின் பழைய தோட்டப் பங்களாக்களில், உயர்ந்த கூரையும் கணப்பும் கொண்ட விசாலமான கூடத்தில், முன் ஒலிபெருக்கிகள் இரண்டைக் கேட்போனின் நேர்ப்பார்வைக்கு இருபுறமும் 30 பாகையிலும், பின்னவற்றை ஏறக்குறைய 110 பாகையிலும் சாஸ்திரோக்தமாக நிறுவி மகிழலாம். அதே ஏற்பாட்டைத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டின் பத்தடி அறைக்குள் புகுத்துவது விவேகமன்று. அங்கே பின் ஒலிபெருக்கி காதருகே நின்று, முன்னிருந்து வரும் வசனத்தையே விழுங்கிவிடும். 3 மீட்டர் இடைவெளியுள்ள சுவர்களுக்கிடையே, 57 ஹெர்ட்ஸை ஒட்டிய மந்திர நாதம் தேங்கி, சுவரோரம் முழங்கி, நடுவறையில் மறைந்தே போகும். (மூலையில் வைத்த சப்ஊஃபர் இத்தொல்லைக்கு உரமூட்டும், அடுத்த வீட்டார் அதே சுவரின் மறுபுறந்தானே உறங்குகிறார்கள்!) ஆகவே சிற்றறைக்காரர் நல்ல ஒலிபெருக்கிகள் இரண்டோடு திருப்தியடைவதே உசிதம் என்பேன், ஐந்தும் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்போர், பின்னவற்றைப் பக்கச் சுவர்களில், அமர்ந்தோர் செவிக்கு இரண்டடி மேலே மாட்டட்டும்.