பிளொப்பிக்குள் கிடக்கும் தமிழ்

எங்கள் வீடுகளுக்குக் கொம்பியூட்டர் வந்த கதையை இந்த இதழில் பேசுவோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது பாட்டன் காலத்துக் கதை. 1990களில் அகதியாக வந்து குடும்பமானவர்களுக்கோ நேற்று நடந்ததுபோல் இருக்கும்.

1990இலிருந்து சில வருடங்கள் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயைச் சிக்கனமாக எரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோச் செய்தி கேட்டார்கள். அதே காலத்தில்தான் சுவிசில் பபிறிக்கிலும் றெஸ்ரோறன்ற் குசினியிலும் உழைத்த காசில் எங்களில் சிலர் முதல் கொம்பியூட்டரை வாங்கினோம். புதிது வாங்க வசதியில்லாதவர்கள் புறொக்கன்ஹவுசில் பழையதை வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அது விறாந்தையில் ரி.வி.க்குப் பக்கத்தில் பூப்போட்ட துணியால் மூடப்பட்டிருக்கும். வீட்டுப்பாடம் முடித்த பிள்ளைக்குத்தான் அதைத் தொட அனுமதி.

பிறகு இன்ரநெற் வந்தது. அதன் உலகளாவிய வலை உருவானதே இந்த நாட்டில், ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில்தான். 1989இல் ரிம் பேர்ணேர்ஸ்-லீ அதற்கான யோசனையை அங்கே முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30இல் யாரும் காசின்றிப் பயன்படுத்தலாம் என்று சேர்ன் அறிவித்தது. நாங்கள் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அதே நாட்டில் இவ்வளவும் நடந்திருக்கிறது! ஆனால் எங்கள் வீடுகளில் அதனால் சண்டைதான் வந்தது. மோடம் கீச்சிட்டால் ரெலிபோன் வேலை செய்யாது. ஊரிலிருந்து கொழும்புக்கு வந்து லொட்ஜில் தங்கி, கொமினிகேசனில் காசு கட்டி எடுக்கிற அம்மாவுக்கு இங்கே லைன் கிடைக்காது. "வயரைக் கழற்றடா" என்ற சத்தம் கேட்காத வீடு அன்று குறைவு.

தமிழ் எழுதுவது அதைவிடப் பெரிய பாடு. எங்களில் அநேகர் பாவித்தது பாமினி எழுத்துரு. கொம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாது; அது ஆங்கில எழுத்தைத்தான் சேமிக்கும். பாமினி அந்த எழுத்துக்கு மேல் தமிழ் முகமூடியைப் போட்டுக் காட்டும், அவ்வளவுதான். முகமூடியைக் கழற்றினால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றாகிவிடும்.

போதாததற்கு சுவிஸ் விசைப்பலகையில் வை எழுத்தும் இசட் எழுத்தும் இடம் மாறியிருக்கும். பாமினியில் வை என்றால் 'ல', இசட் என்றால் 'ண'. ஊரில் தட்டச்சுப் பழகிய விரலால் 'ல' என்று அடித்தால் திரையில் 'ண' என்று வரும். மெய்யெழுத்துக்குக் குத்துப் போடுவது அரைப்புள்ளி விசை. அந்த இடத்தில் இங்கே ஜெர்மன் எழுத்து உட்கார்ந்திருக்கும். இவ்வளவு இடைஞ்சலுக்குள்ளும் தமிழ்ப் பாடசாலை வினாத்தாள், கோயில் நோட்டீஸ், கலியாண அழைப்பிதழ், செத்தவீட்டுக் கல்வெட்டு எல்லாம் அடித்தோம். பகலில் வேலை, இரவில் இந்த வேலை.

இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் இங்கேயே, லோசான் நகரில் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அங்குள்ள சமஷ்டித் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் இரசாயன ஆய்வாளராகப் பணியாற்றிய கலாநிதி கு. கல்யாணசுந்தரம் அவர்கள், தமிழ்நாட்டவர். 'மயிலை' என்ற எழுத்துருவை ஆக்கி இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பல நாடுகளிலிருந்த தமிழர்கள் சம்பளமின்றிப் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து அனுப்ப, அவை எல்லோருக்கும் பொதுவாயின.

யுனிகோட் என்னும் உலகப் பொது முறையில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் விண்டோஸ் தானாகவே தமிழைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது. இன்று ஊரிலிருக்கும் அம்மம்மா கைபேசியில் தமிழில் எழுதி அனுப்ப, சிஃப்ற் இடைவேளையில் நாங்கள் வாசிக்கிறோம். முகமூடி தேவையில்லை. சந்தோசமான விசயம்தான். ஆனால் முகமூடியோடு எழுதியவை எங்கே?

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதை இது. 1998இல் ஊரில் தகப்பன் காலமானபோது மகனுக்குப் போக வழியில்லை. அந்தியேட்டிக்கு இங்கேயே கல்வெட்டு அடித்துக் கொடுத்தார். அச்சிட்ட பிரதிகள் வீடு மாறி மாறித் தொலைந்தன. அண்மையில் பேத்தி பூட்டன் பெயரைக் கேட்டபோது, நிலக்கீழ் அறையிலிருந்த இரண்டு பிளொப்பிகளைத் தேடி எடுத்தார்கள். ஒன்று திறந்தது. எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பைபோலத் தெரிய, பாமினியைப் போட்டதும் வம்சாவளி முழுவதும் தமிழில் வந்து நின்றது. மற்றது திறக்கவேயில்லை. மனைவியும் பிள்ளைகளும் பாடுவதாக எழுதிய புலம்பல்கள் அதற்குள் இருந்தன. அவை போனது போனதுதான்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்ததை இன்றும் சொல்லி வேதனைப்படுகிறோம். அது பிறர் வைத்த நெருப்பு. எங்கள் நிலக்கீழ் அறைகளில் நெருப்பே இல்லாமல் அழிவு நடக்கிறது. பிளொப்பியின் காந்தப் பூச்சு வருடம் போகப் போகக் கெட்டுப்போகும்.

ஆகவே உறவுகளே, இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். பழைய பிளொப்பி, சீ.டி., ஹாட் டிஸ்க் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பிளொப்பியின் மூலையிலுள்ள சின்னக் கதவைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வையுங்கள். அப்போது உள்ளே இருப்பது தவறுதலாக அழியாது. யு.எஸ்.பி.யில் கொழுவும் பிளொப்பி வாசிப்பான் ஒன்றை நாலு வீடு சேர்ந்து வாங்கினால் போதும். முதலில் உள்ளதை உள்ளபடியே பிரதி எடுங்கள். பிறகு பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். அதற்கு இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியதை ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள், கொம்பும் காலும் சிலவேளை இடம்மாறும். கடைசியில் கடதாசியிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

பொறியைக் கையாளப் பிள்ளைகளுக்குத் தெரியும், எழுத்துப் பிழை பார்க்க உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். பழைய மலர்களும் சஞ்சிகைகளும் இருந்தால், 2005இல் தொடங்கி ஈழத்து எழுத்துக்களைச் சேகரித்துவரும் 'நூலகம்' திட்டத்தோடு தொடர்புகொள்ளுங்கள்.

உங்கள் பிளொப்பிக்குள் என்ன இருந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.