பாட்டியும் பேரனும் பேசட்டும்!



விடியுமுன் பிரட்டுக்குப் போய், உச்சி வெயிலில் களைத்து வீடு திரும்புகிறீர்கள். பிள்ளை ஒரு மூலையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறது. பாட்டி இன்னொரு மூலையில் சுவரைப் பார்த்தபடி இருக்கிறார். "சத்தமில்லாம இருக்காங்களே, அதுவே போதும்" என்று நினைக்கிறோம். அந்த அமைதிதான் இருவருக்கும் கேடு என்கிறேன்.

ஐந்து வயதுக்குள் பிள்ளையின் மூளை, பெரியவர் மூளை அளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துவிடுகிறது. பிள்ளை கேட்க, பெரியவர் சொல்ல, பிள்ளை மறுபடி கேட்க, இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சும் அறிவும் வளரும். கைப்பேசி ஓயாமல் பேசும். பிள்ளை சொல்வதை அது கேட்காது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், கதை சொல்லுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையைக் கிளினிக்கில் காட்டுங்கள்.

பாட்டிக்கு வருவோம். மறதி நோயைத் தூண்டக்கூடியவற்றில், நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களை 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு வரிசைப்படுத்தியது. பேச்சுத் துணையின்றித் தனித்துக் கிடப்பதும் காது மந்தமும் அதில் உண்டு. பாட்டி பதில் பேசவில்லையா? "கெழவிக்குப் புத்தி மழுங்கிடுச்சு" என்று சொல்லிவிடாதீர்கள். காது கேட்காமலும் இருக்கலாம். பரிசோதித்துப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த வீட்டில் பாட்டிக்கு இனிப்பு நீர். மருந்துப் பையைப் பேரன் எழுத்துக்கூட்டி வாசித்தான்: "துவா காலி செஹாரி."

"என்னடா, மருந்து காலியா?"

"இல்ல பாட்டி! ஒரு நாளைக்கு ரெண்டு தடவை!"

இருவரும் சிரித்தார்கள். மிஸ்ஸியிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். அன்று பாட்டி ஓர் எழுத்துப் பாடம் கற்றார். பதிலுக்கு, பால்மரத்தில் பட்டை காயாமல் கத்தி பிடிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தார். யார் ஆசிரியர், யார் மாணவர்?

ஆகவே, பிள்ளை எதிர்க்கேள்வி கேட்டால் "பெரியவங்ககிட்ட வாய் காட்டாதே" என்று அடக்காதீர்கள். பாட்டி பழங்கதை எடுத்தால் "ஆரம்பிச்சிட்டாங்க" என்று எழுந்து போகாதீர்கள். உங்கள் களைப்பு எங்களுக்குத் தெரியும். நீங்களே பேச வேண்டுமென்பதில்லை. அவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், போதும்.

இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியை அலமாரியில் வையுங்கள். இந்த வைத்தியத்துக்கு ஒரு சென் செலவில்லை!