இன்ஜின் புதுசு... பைப் பழசு!

தாத்தா காலத்து பெட்ரோல் அம்பாசடர் ஒண்ணு வீட்டு வாசல்ல, வேப்பமரத்தடியில காக்கா எச்சத்தோட நிக்குதா? 'மச்சி, இதுல ஒரு டீசல் இன்ஜினைத் தூக்கிப் போட்டா செம வண்டிடா'னு மெக்கானிக்கல் படிக்கிற ஃப்ரெண்டு உசுப்பேத்துறானா? போடுங்க, வேணாம்னு சொல்லலை. போட்டதுக்கு அப்புறம் என்ன நடக்கும்னு மட்டும் கொஞ்சம் கேட்டுக்குங்க.

பெரம்பலூர் பாலக்கரையில ஜம்முனு ஸ்டார்ட் ஆகும். அரியலூர் சுமார் 30 கி.மீ.தானே, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்னு கிளம்புவீங்க. வழியில முன்னாடி ஒரு சிமென்ட் லாரி. ஓவர்டேக் பண்ண ஆக்ஸிலேட்டரை மிதிச்சா, வண்டி 'குப் குப்'னு குலுங்கி, சரியா லாரிக்குப் பக்கத்துல வந்ததும் மூச்சை விட்டுடும். எதிர்ல இன்னொரு லாரி. இது காமெடி இல்லை பாஸ், உயிர் சமாசாரம்.

தள்ளிக்கிட்டு ஒர்க்‌ஷாப் போனா, அநேகமா கிடைக்கிற பதில், 'பம்ப் போயிடுச்சு தம்பி, கழட்டி லேபுக்கு அனுப்பணும்.' பர்ஸ் காலி. கொஞ்சம் பொறுங்க. மாறினது இன்ஜின் மட்டும்தான். டேங்க், அதுக்குள்ள இருக்கிற வலை, வண்டிக்கு அடியில ஓடுற பைப், ரப்பர் ஹோஸ் எல்லாம் பழைய ஆளுங்க. முதல் சந்தேகம் அவங்க மேலதான் வரணும்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியே இந்த ஒரே பாடியில எத்தனை இன்ஜின் போட்டிருக்கு தெரியுமா? 1489 சி.சி. பெட்ரோல், அதே 1489 சி.சி.யில டீசல், 90-கள்ல இசுஸு 1.8 லிட்டர் பெட்ரோல், அப்புறம் 2 லிட்டர் டீசல். 2014 மே மாசம் உத்தர்பாரா ஃபேக்டரி நிக்கிற வரைக்கும் இந்தக் கதை ஓடுச்சு. ஆனா கம்பெனி இன்ஜினை மாத்தினப்போ, அதுக்குச் சாப்பாடு போற வழியையும் சேர்த்து யோசிச்சுது. புதுப்பேட்டையில இன்ஜின் வாங்கிட்டு வர்ற நாம யோசிக்கிறதில்லை.

கார்புரேட்டர் வண்டியில பொதுவா டேங்க்ல இருந்து ஒரே ஒரு பைப்தான் முன்னாடி வரும். டீசலுக்கு ரெண்டு வேணும். பம்ப் தேவைக்கு மேல இழுத்து, மிச்சத்தை ரிட்டன் லைன் வழியா டேங்குக்கே திருப்பி அனுப்பும். சில இடத்துல, 'எதுக்கு இன்னொரு பைப்பு?'னு ரிட்டனை ஒரு டீ ஜாயின்ட் போட்டு வர்ற லைன்லயே சொருகிடறாங்க. சூடான டீசலும் அதுல இருக்கிற காத்தும் அங்கேயே சுத்திச் சுத்தி வரும். அப்புறம் வண்டி எப்படி இழுக்கும்?

அடுத்தது, பலரும் கோட்டை விடுற இடம். இந்தப் பழைய டீசல் வண்டிகள்ல ஃபீடு பம்ப் இன்ஜின் பக்கத்துல இருக்கு. டேங்க்ல இருந்து அது உறிஞ்சுது. ஸோ, நடுவுல பைப்ல ஊசி முனை ஓட்டை இருந்தாலும் வண்டி ஓடும்போது டீசல் வெளிய சொட்டாது. காத்துதான் உள்ள போகும். தரையில ஈரமே இல்லையே, லீக் இல்லைனு நீங்க நம்பிடுவீங்க! ராத்திரி நிறுத்தின வண்டி காலையில கைப்பம்ப் அடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகுதா? டீசல் ராத்திரியோட ராத்திரியா டேங்குக்குத் திரும்பிடுச்சுனு அர்த்தம். ஃபீடு பம்ப்புக்கு முன்னாடி ஒரு அடி கண்ணாடி ஹோஸ் போட்டுப் பாருங்க. முட்டை முட்டையா காத்து ஓடுறது கண்ணுக்கே தெரியும். காரணம் பல நேரம் நசுங்கின காப்பர் வாஷரோ, தளர்ந்த கிளிப்போதான்.

இன்னொரு சிம்பிள் டெஸ்ட். சுத்தமான கேன்ல டீசல் எடுத்து, புது ஹோஸ் ஒண்ணை நேரா ஃபீடு பம்ப்ல மாட்டி, ரிட்டனையும் அந்தக் கேன்லயே விட்டு, காத்தை வெளியேத்திட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. நிறுத்தி வெச்சே நல்லா ரைஸ் பண்ணிப் பாருங்க. இன்ஜின் சிங்கம் மாதிரி உறுமுச்சுனா பம்ப் நல்லவன். குற்றவாளி பின்னாடி, டேங்க் பக்கம் இருக்கான். ரோட்ல நின்னா டேங்க் மூடியையும் திறந்து பாருங்க. 'உஸ்ஸ்'னு காத்து உள்ள போய் வண்டி தெளிஞ்சா, மூடியில இருக்கிற காத்துத் துவாரம் அடைச்சிருக்கு. நயா பைசா செலவில்லை!

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் போடுற பார்ட்டியா நீங்க? மேல சொன்ன கேன் டெஸ்ட்டை பெட்ரோல்ல ட்ரை பண்ணிடாதீங்க, ப்ளீஸ். அங்கே கணக்கே தலைகீழ். பம்ப் டேங்குக்குள்ள இருந்து தள்ளுது. கார்புரேட்டருக்கு கால் பார் பிரஷர் போதும். இதுக்கு சுமார் 3 பார். கார் டயர்ல இருக்கிறதைவிட அதிகம். பழைய ஹோஸும் சாதா கிளிப்பும் அதைத் தாங்காது. பிச்சுக்கிட்டு பெட்ரோல் சூடான சைலன்ஸர் பைப் மேல பீய்ச்சினா... நீங்களே கற்பனை பண்ணிக்குங்க. போதாததுக்கு 2025-ல பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டாச்சு. அந்தக் காலத்து ரப்பர் இதுக்காகச் செஞ்சது இல்லை. இன்ஜெக்‌ஷனுக்கான ஹோஸ், கிளிப்பை மாத்திட்டு, பிரஷர் கேஜ் மாட்டி அளந்து பாருங்க. பிரஷர் குறைஞ்சா உடனே பம்ப்பைத் திட்டாதீங்க. ஓடும்போது அதுக்கு 12 வோல்ட்டாவது ஒழுங்கா வருதானு மீட்டர் வெச்சுப் பாருங்க. பழைய வயர்ல பாதி வழியிலயே கரன்ட் தூங்கிடும்.

வளைவுல மட்டும் திக்குதா? டேங்க்ல பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கி, பம்ப் காத்தைக் குடிக்குது. ஃபார்முலா பாரத் போட்டிக்கு பைக் இன்ஜின் வெச்சு கார் கட்டுற காலேஜ் டீம்களைக் கேளுங்க, டேங்குக்குள்ள தடுப்புத் தகடு வைக்கிறதுக்கு எவ்வளவு மண்டையை உடைச்சுக்கிறாங்கனு சொல்வாங்க.

எல்லாம் சரி, ஆர்.சி. புக்? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐ ஒரு தடவை படிச்சுடுங்க. பதிவுல இருக்கிறதுக்கு மாறா இஷ்டத்துக்கு வண்டியை மாத்த அதுல இடமில்லை. 2019-ல உச்ச நீதிமன்றமும் இதைக் கறாரா சொல்லிடுச்சு. அதனால இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுடுங்க. விபத்துனு ஒண்ணு ஆனா, இன்ஷூரன்ஸ் சர்வேயர் குனிஞ்சு பார்க்கிறதுல இன்ஜின் நம்பரும் ஒண்ணு!