சான்றிதழ் கேட்க நீங்கள் ஆர்?

2022 ஏப்ரலில் நெற்பிளிக்ஸில் வந்த பிரித்தானியத் தொடர் 'ஹார்ட்ஸ்டாப்பர்'. அதில் றக்பி விளையாடுற நிக், தான் ஆர் எண்டு இணையத்தில் தேடித்தேடிக் குழம்புவான். எட்டாவது அத்தியாயத்தில்தான் அம்மாவிடம் வாய் திறப்பான். அதுவரை சார்லி பொறுத்திருப்பான். ஏனெண்டால் அவனுடைய கதை அவனைக் கேளாமலே பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி, அவன் பட்ட பாடு அவனுக்குத் தெரியும்.

இதைப் பார்த்து உருகின ரசிகர்கள் என்ன செய்தவை? நிக்காக நடித்த கிற் கொனர் ஒரு நடிகையின் கையைப் பிடித்திருந்த படம் வெளிவந்ததும், குயர் ஆக்களை ஏமாத்திப் பிழைக்கிறார் எண்டு பட்டம் கட்டிச்சினம். 2022 ஒக்ரோபர் 31இல், 18 வயதில், தான் இருபாலீர்ப்பாளர் எண்டு அவர் ட்விற்றரில் எழுதவேண்டி வந்தது. தொடர் சொன்னதே உங்களில் சிலருக்கு விளங்கேல்லைப் போல எண்டும் சேர்த்து எழுதினார். மெத்தச் சரி.

குயர் பாத்திரங்கள் குயர் நடிகர்களுக்குக் கிடைக்கவேணும் எண்ட கோரிக்கையோடு எங்களுக்குப் பிணக்கில்லை. எத்தனையோ பேருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்ட துறை அது. அதைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கோ, நடிகரைத் தெரிவுசெய்யிறவையிடம் கேளுங்கோ. ஒரு பெடியனின் படுக்கையறைக் கதவைத் தட்டி "நிரூபி" எண்டு கேட்கிறதுக்குப் பேர் அரசியல் இல்லை. சார்லியின் பள்ளிக்கூடத்தில் நடந்ததும் இதுதானே?