ஏர்போர்ட்டுக்கு காத்திருக்கும் காரைக்கால்... 300 மீட்டர் புல்தரையில் பறக்கும் குட்டி விமானம் சாத்தியமா?

ஒவ்வொரு வருஷமும் சுதந்திர தினம், குடியரசு தினம் நெருங்கும்போது டெல்லி போலீஸ் ஒரு தடை உத்தரவு போடும். டிரோன், பாராகிளைடர், ஹாட் ஏர் பலூன் என்று நீளும் அந்தப் பட்டியலில் 'மைக்ரோலைட் விமானம்' என்றும் ஒரு பெயர் இருக்கும். நம்மில் பலர் அந்தப் பெயரை முதல்முறை கேள்விப்படுவதே இந்தத் தடை செய்தியில்தான். வெளிநாடுகளில் வார இறுதி பொழுதுபோக்காக இருக்கும் ஒரு விஷயம், இங்கே பாதுகாப்புப் பிரச்னையாக மட்டுமே அறிமுகமாகிறது.

காரைக்காலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்த 21 கிரீன்ஃபீல்டு விமான நிலையங்களின் பட்டியலில் காரைக்காலும் இருக்கிறது. அதே பட்டியலில் இருந்த கேரளாவின் கண்ணூரில் 2018-லேயே விமானம் இறங்கிவிட்டது. கோவாவின் மோபாவும் திறந்தாச்சு. திருநள்ளாறுக்கு வரும் பக்தர்கள் கூட்டத்தைக் காட்டி கேட்கப்பட்ட காரைக்கால் ஏர்போர்ட் மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

ஒரு பயணிகள் ஜெட் இறங்க சுமார் 2 கிலோமீட்டர் ரன்வே வேண்டும். ஆனால் அல்ட்ராலைட், மைக்ரோலைட் எனப்படும் ஒன்றிரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்துக்கு சுமார் 300 மீட்டர் சமமான புல்தரை இருந்தாலே பெரும்பாலும் போதும். டெர்மினலும் வேண்டாம், கண்ட்ரோல் டவரும் வேண்டாம். அப்போ, பெரிய ஏர்போர்ட் வரும் வரை சின்னதாக ஒன்றை ஆரம்பிக்கலாமே?

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 1982-ல் வந்த விதி ரொம்ப சிம்பிள். ஒரே சீட், காலி எடை 115 கிலோவுக்குள், பெட்ரோல் 19 லிட்டருக்குள் இருந்தால் லைசென்ஸே தேவையில்லை. பகலில் மட்டும் பறக்கணும், மக்கள் நெருக்கமாக வாழும் இடத்துக்கு மேலே போகக் கூடாது.

இந்தியாவில் அந்தச் சலுகை கிடையாது. மைக்ரோலைட்டாக இருந்தாலும் டிஜிசிஏவில் பதிவு செய்யணும், பைலட்டுக்கு லைசென்ஸ் வேணும், பாதுகாப்பு அனுமதிகள் தனி. 2022-ல் வெளியான தேசிய வான்விளையாட்டுக் கொள்கை, 2030-க்குள் இந்தியாவை இந்தத் துறையில் முன்னணி நாடாக்குவோம் என்கிறது. நல்ல ஆசைதான்.

திறமை இல்லாமல் இல்லை. தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா 1988-லேயே மைக்ரோலைட்டில் லண்டனில் இருந்து அகமதாபாத் வரை பறந்து வந்தார். 2007-ல் விமானப்படையின் விங் கமாண்டர்கள் ராகுல் மோங்கா, அனில் குமார் இருவரும் 79 நாளில் உலகையே சுற்றி வந்தார்கள். ஒரு சின்ன காருக்குள் இருக்கும் இடம் அளவுக்குத்தான் அவர்களின் காக்பிட். அதில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இரண்டரை மாதத்துக்கு மேல்!

அதற்கு முன்பு சாதனை 99 நாள். பிரிட்டனின் காலின் போடில் 2000-ல் செய்தது. அவரும் தனியாகப் போகவில்லை. ஜெனிஃபர் முர்ரே என்பவர் ஹெலிகாப்டரில் கூடவே பறந்தார்.

விமானத்தைவிட முக்கியமானது எது?

இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. காரைக்கால்மேடு மாதிரி ஒரு மீனவ கிராமத்தில், கடலுக்குப் போன படகு நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால் என்ன நடக்கும்? அதிகாரிகள் வருவதற்கு முன்பே மற்ற படகுகள் தேடக் கிளம்பிவிடும். அல்ட்ராலைட் பைலட்களின் உலகமும் கிட்டத்தட்ட அப்படித்தான். கிளம்பும் முன் இறக்கையின் போல்ட்டையும் பின்னையும் இன்னொருவர் ஒருமுறை பார்ப்பார். எந்தப் பக்கம் போறோம், எப்போ திரும்புவோம் என்று தரையில் ஒருவரிடம் சொல்லிட்டுத்தான் ஏறுவார்கள். "காத்து சரியில்ல, இன்னைக்கு வேணாம்" என்று சீனியர் ஒருத்தர் சொன்னால் அன்று விமானம் ஷெட்டுக்குள்தான்.

ஆய்வாளர் வந்து பார்க்காத இடத்தில் சக பைலட் பார்க்கிறார். ஆனால் நாலு பேர் சேர்ந்து பறக்க ஒரு இடம் இருந்தால்தானே அந்தப் பழக்கமே உருவாகும்? பெங்களூரு ஜக்கூரில் ஓடுதளம் இருக்கிறது, அதைச் சுற்றி ஆட்களும் இருக்கிறார்கள். அதே பெங்களூருவின் ராஜ்ஹம்சா நிறுவனம் தயாரித்த குட்டி விமானங்கள் வெளிநாடுகளிலும் பறக்கின்றன.

பிரான்ஸ் கனெக்‌ஷன்

காரைக்கால் குடும்பங்கள் பலவற்றுக்கு பிரான்ஸில் சொந்தக்காரர்கள் உண்டு. அல்ட்ராலைட் பறப்பதற்கு உலகிலேயே வசதியான நாடுகளில் பிரான்ஸும் ஒன்று. அங்கேயும் பைலட்டுக்கு பயிற்சி, சான்றிதழ் கட்டாயம். ஆனால் விமானம் பறக்கத் தகுதியானது என்று உரிமையாளரே எழுதிக் கொடுக்கலாம். இந்த மோகம் இன்று நேற்று வந்ததில்லை. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1930-களிலேயே, ஹென்றி மிக்னே என்பவர் வீட்டிலேயே கட்டக்கூடிய ஒரு குட்டி விமானத்தை அங்கே பிரபலமாக்கினார். அதன் பெயருக்கு அர்த்தம் 'வானத்துப் பேன்'!

அப்போ காரைக்காலில் முடியுமா?

தடை நிறைய இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. மேற்கே தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவு இருக்கிறது. கிழக்கே கடலோரக் கண்காணிப்பு, அதைத் தாண்டினால் இலங்கை. இந்த வானத்தில் அனுமதி வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

இயற்கையும் பாதி வருஷம்தான் ஒத்துழைக்கும். சம்பா பயிர் நிற்கும் மாதங்களில் வயலெல்லாம் தண்ணீர், எஞ்சின் நின்றால் அவசரமாக இறங்க இடமில்லை. அக்டோபரில் இருந்து வடகிழக்குப் பருவமழை வேறு. அறுவடை முடிந்து பிப்ரவரி முதல் மே வரை காய்ந்து கிடக்கும் வயல்கள்தான் பாதுகாப்பு. அப்பவும் வரப்பில் சின்ன சக்கரம் இடறும். கடல்காற்று கிளம்பும் முன், விடிந்ததும் பறந்து முடித்துவிட வேண்டும்.

இன்றைய நிலையில் ஒரு காரைக்கால் மாணவருக்கு திறந்திருக்கும் செலவில்லாத வழி என்சிசி விமானப் பிரிவு. அதன் கேடட்களை மைக்ரோலைட்டில் ஏற்றிப் பறக்க வைக்கிறார்கள். இதற்காகவே ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனத்திடம் இருந்து விமானங்கள் வாங்கப்பட்டன. கல்லூரியில் சேரும்போது, விமானப் பிரிவு இருக்கும் கல்லூரியா என்று ஒரு வார்த்தை விசாரிப்பது நல்லது.