மூளைக்குள் போன மாத்திரை, மோசமானது ஞாபகம்!

அல்சைமர் என்னும் மறதி நோயை மடக்கப் பெரிய பெரிய கம்பெனிகள் போட்டி போட்டு மாத்திரை செய்தன. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் படுத்துவிட்டன. "இந்த வழியே வேணாம்ப்பா" என்று பலர் கையை உதறிவிட்டார்கள். அது சரியல்ல!

சங்கதி இதுதான். இந்த நோயாளிகளின் மூளையில் "அமைலாய்டு" என்ற புரதக் கசடு திட்டுத் திட்டாகப் படிகிறது. அதை வெட்டிக் கொடுக்கும் கத்திரிக்கோல், "பேஸ்-1" என்ற என்சைம். 1999-ல் பிடிபட்டது. கத்திரிக்கோலைக் கட்டிப்போட்டால் கசடு குறையும் என்பது கணக்கு.

கடுங்காவல்

மூளைக்கு இயற்கை போட்ட காவல் லேசுப்பட்டதல்ல. ரத்தத்தில் வரும் பெரும்பாலான மருந்துகளை அது உள்ளே விடாது. நுழைந்ததையும் பிடித்து வெளியே தள்ளும். அந்தக் காவலையும் தாண்டும் மாத்திரையை விஞ்ஞானிகள் செய்தே காட்டினார்கள். அமெரிக்காவின் மெர்க் கம்பெனி கொடுத்த "வெருபெசெஸ்டாட்" அப்படிப்பட்டது. தண்டுவட நீரில் அமைலாய்டு 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

நோயாளி தேறினாரா? அதுதான் இல்லை! நோய் முற்றத் தொடங்கியவர்களிடம் நடந்த சோதனை 2017-ல் நின்றது. ஆரம்ப நிலையில் இருந்தவர்களிடம் நடந்தது 2018-ல் நின்றது.

2019-ல் நோவார்ட்டிஸ் சோதனையும் நின்றது. அதில் சேர்ந்தவர்கள் நோயாளிகளே அல்ல. நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று கருதப்பட்ட, புத்தி தெளிவாக இருந்த பெரியவர்கள். நாளைய தலைமுறைக்காக மாத்திரை விழுங்கினார்கள். ஞாபகம் கொஞ்சம் மங்கியது. நிறுத்தியதும் தேறியது.

அளவு தப்பியது

காரணம்? அந்தக் கத்திரிக்கோல் கசடை மட்டும் வெட்டவில்லை. நரம்புகளுக்குத் தேவையான வேறு புரதங்களையும் அதுதான் நறுக்கிக் கொடுக்கிறது. ஒரேயடியாகக் கட்டினால் வேலை கெடாதா?

ஐஸ்லாந்தில் சிலருக்குப் பிறவியிலேயே இந்த வெட்டு குறைவு. கசடு சுமார் 40 சதவீதம்தான் குறைகிறது. அவர்களை அல்சைமர் அதிகம் அண்டுவதில்லை என்று 2012-ல் தெரிந்தது. இயற்கை கொஞ்சமாகக் குறைத்தது. கம்பெனிகள் அள்ளிக் குறைத்தன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதானே!

ஆகவே வழியை மூட வேண்டாம். அளவைக் குறைத்து, நோய் முற்றுமுன் கொடுத்துப் பார்க்கட்டும். ஞாபகம் மங்குகிறதா என்று ஆரம்பம் முதலே கண்காணிக்கட்டும். முக்கியமாக, சோதனைக்கு வருகிறவரிடம் "முன்பு இப்படி நடந்தது" என்று ஒளிக்காமல் சொல்லட்டும். தெளிந்த புத்தியைப் பணயம் வைக்கிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்!