சைக்கிளில் போகும் தம்பிமாருக்கு, கமரா வாங்க முன்

ஸுபஹுக்குப் பிறகு வாவிக்கரை வீதியில் சைக்கிள் ஓடும் தம்பிமார் நமதூரில் கூடிவிட்டார்கள். சந்தோசம். "சேர், எந்தக் கமரா வாங்கலாம்?" என்றும் கேட்கிறார்கள்.

என் கருத்து இதுதான். மெகாபிக்சலைப் பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள். ஒளியைப் பிடிப்பது சென்சர். சாதாரண சின்னக் கமராக்களில் உள்ள 1/2.3 அங்குல சென்சரை விட 1 அங்குல சென்சரின் பரப்பு சுமார் 4 மடங்கு. விடியற்கால மங்கல் வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் தெரியும்.

சோனி ஆர்எக்ஸ்100 அந்த வகை. 2012இல் வந்த முதலாவது மொடல் 240 கிராம்தான், பொக்கட்டுக்குள் அடங்கும். பாவித்தது வாங்கினாலும் போதும். லென்ஸ் தடங்கலின்றி வெளியே வந்து உள்ளே போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தவணைக் கடனில் பெரிய டிஎஸ்எல்ஆர் வாங்கினால், பாரம் என்று அது அலுமாரியில்தான் கிடக்கும். கடன் மட்டும் மாதாமாதம் எழும்பி வரும்.

கமராவை ஹேண்டிலில் கட்ட வேண்டாம். கிரவல் ரோட்டுக் குலுக்கல் லென்சுக்குக் கூடாது. இடுப்புப் பையில் வைத்தால் உடம்பு அதிர்வைத் தாங்கும். மழைக்கும் உப்புக் காற்றுக்கும் ஒரு பொலித்தீன் உறை வையுங்கள்.

ஓடிக்கொண்டே படம் எடுக்காதீர்கள். நிறுத்தி, இறங்கி எடுங்கள். ஒரு படத்துக்காக உம்மா வாப்பாவை ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வைக்க வேண்டாம்.